சர்வரின் அமைவுக் கோப்புகளை மாற்றும்போது நீங்கள் கைக்கொள்ளும் பழக்கங்கள் எவை?

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நீடாமங்கலத்துக்கு அருகே ஓர் அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறேன். கொஞ்சம் கணினி தெரிந்தவன் என்பதால் ஆலையின் சர்வரும் என் பொறுப்பில்தான் இருக்கிறது. உபுண்டு என்னும் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிய ஒரே ஒரு கணினி அது. எடைமேடையில் ஏறி இறங்கும் ஒவ்வொரு லாரியின் எடையும், நெல் கொடுத்தவரின் பெயரும், ஈரப்பதமும், மூட்டைக் கணக்கும் அதில்தான் பதிவாகின்றன.

சென்ற ஐப்பசியில், அடைமழை பிடித்துக்கொள்வதற்கு முன்பாக, அன்றாடம் காப்புப் பிரதி எடுத்து வைக்க இரண்டாவது ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் பொருத்தினேன். கணினி எழும்போதே அது தானாக இணைய வேண்டுமானால் எந்த டிஸ்க் எங்கே இணைய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும் என்பது தெரியும். டிஸ்குக்குரிய யுயுஐடியை, அதாவது எண்ணும் எழுத்தும் கலந்த தனி அடையாள எண்ணை, திரையில் பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொண்டு, பிறகு அந்தத் தாளைப் பார்த்துக் கோப்பில் தட்டச்சு செய்தேன். அதன்பின் மவுண்ட் கட்டளையைக் கையால் கொடுத்து டிஸ்கை இணைத்தேன். அப்போது யுயுஐடியைக் கொடுக்காமல் சாதனப் பெயரைக் கொடுத்தேன். டிஸ்க் இணைந்தது, அன்றிரவே காப்புப் பிரதியும் ஒழுங்காக விழுந்தது. வேலை முடிந்தது என்று எண்ணிவிட்டேன்.

தை மாதம், சம்பா அறுவடை உச்சத்தில் இருந்த ஒரு நாள் காலையில் மின்சாரம் போனது. யுபிஎஸ் தாங்கும் நேரத்தைத் தாண்டியும் வரவில்லை, சர்வர் அணைந்தது. மின்சாரம் திரும்பியதும் பொத்தானை அழுத்தினேன். ஏதோ ஒரு சாதனத்துக்காகக் காத்திருப்பதாக ஒன்றரை நிமிடம் திரையில் ஓடியது. பிறகு அவசரநிலைக்கு வந்திருப்பதாக ஒரு வரியைக் காட்டிவிட்டு அப்படியே நின்றது. வாசலில் ஒன்பது லாரிகள் நின்றன. எடைச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்துக்கொண்டே, இடையிடையே ஓடி வந்து திரையைப் பார்த்தேன். பிற்பகல் 2 மணிக்குத்தான் காரணம் தெரிந்தது. யுயுஐடியில் 6 இருக்க வேண்டிய ஓரிடத்தில் ஆங்கிலச் சிறிய எழுத்தான 'பி' இருந்தது. என் கையெழுத்தில் அவை இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

அந்த வரியைத் திருத்திவிட்டேன். ஆனால் மூன்று மாதத்துக்கு முன் செய்த ஒரு தவறு, ஆண்டின் மிக நெருக்கடியான நாளில் வந்து நின்றதை மறக்க முடியவில்லை. இப்போது பங்குனி, ஆலையில் வேலை ஓய்ந்திருக்கிறது. வேண்டாத வலையமைப்பு இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலை இயக்குவது, தரவுத்தளத்தின் நினைவக அளவைக் கூட்டுவது என்று இன்னும் சில மாற்றங்களைச் செய்ய வேண்டியுள்ளது. தொடங்குவதற்கு முன் அனுபவம் உள்ளவர்களிடம் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன். ஒரு கோப்பைத் தொடுவதற்கு முன்பும் பின்பும் நீங்கள் தவறாமல் செய்பவை எவை?

மகாமகக்குளக்கரை (கும்பகோணம்) எழுதியது:

தம்பி, எழுத்துப் பிழை எல்லோருக்கும் வரும். அதற்காக வருந்த வேண்டாம். இனிமேல் எண்ணைத் தாளில் குறிக்காமல் திரையிலிருந்தே நகலெடுத்து ஒட்டுங்கள், அது போதும். பிழையின் வேர் வேறோர் இடத்தில் இருக்கிறது. டிஸ்கைக் கையால் இணைத்துப் பார்த்தீர்களே, அந்தச் சோதனை நீங்கள் எழுதிய கோப்பைப் படிக்கவே இல்லை. டிஸ்க் நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் அது உறுதி செய்தது. கோப்பு சரியா என்ற கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை; மூன்று மாதம் கழித்து மின்வெட்டுதான் கேட்டது.

20 ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த ஓர் இடைவெளியிலிருந்து முளைத்தவையே. எந்தக் கணினிக்கும் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் நிலை என்று ஒன்று உண்டு. அடுத்த முறை எழும்போது எப்படி இருக்க வேண்டும் என்று கோப்பில் எழுதி வைத்த நிலை என்று இன்னொன்று உண்டு. இரண்டும் ஒன்றாக இருக்கும்வரை கவலையில்லை. சிஸ்சிடிஎல் கட்டளையால் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலின் ஓர் அளவை மாற்றினால் அது உடனே நடைமுறைக்கு வரும், ஆனால் கோப்பில் எழுதாவிட்டால் அடுத்த தொடக்கத்தில் மறைந்துவிடும். மையெஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் 'செட் குளோபல்' என்று கொடுத்த மதிப்பும் அப்படியே. அது நிலைத்து நிற்க வேண்டுமானால் 8.0 பதிப்பிலிருந்து 'செட் பெர்சிஸ்ட்' என்று கொடுக்க வேண்டும். போஸ்ட்கிரஸ் என்னும் தரவுத்தளத்தில் இதற்கு மறுபக்கத்தைப் பார்க்கலாம். நீங்கள் சொல்லும் நினைவக அளவைக் கோப்பில் மாற்றிவிட்டு, அமைவை மீண்டும் படிக்கும்படி மட்டும் சொன்னால், புதிய அளவு நடைமுறைக்கு வராது. தரவுத்தளத்தை நிறுத்தித் தொடங்கினால்தான் வரும். தவறான எண்ணைக் கோப்பில் எழுதி வைத்துவிட்டு எல்லாம் நலமாக ஓடுகிறது என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்க, வேறு எதற்காகவோ யாரோ அதை நிறுத்தித் தொடங்கும் நாளில் அது எழாமல் கிடக்கும். எந்த அமைவு மறுதொடக்கத்துக்காகக் காத்திருக்கிறது என்பதைப் போஸ்ட்கிரஸின் அமைவு அட்டவணையில் உள்ள 'பெண்டிங் ரீஸ்டார்ட்' என்னும் நெடுவரிசையே காட்டும். அதைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

எனவே, மாற்றிய பிறகு அந்தக் கோப்பையே கணினி படிக்கும்படி செய்யுங்கள். எஃப்எஸ்டேபில் வரியைச் சேர்த்ததும், டிஸ்க் ஏற்கெனவே இணைந்திருந்தால் கழற்றிவிட்டு, சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டிக்கு 'டீமன்-ரீலோட்' கொடுத்துப் புதிய கோப்பை அறியச் செய்து, பின் 'மவுண்ட் -ஏ' என்று கொடுத்தால், கோப்பில் உள்ளபடிதான் அது இணைக்க முயலும். உங்கள் பிழை அந்த நொடியிலேயே தெரிந்திருக்கும். 'ஃபைண்ட்-எம்என்டி' கட்டளையை 'வெரிஃபை' என்னும் தெரிவுடன் கொடுத்தால், எதையும் இணைக்காமலே அது கோப்பைப் படித்துக் குறை சொல்லும்.

காப்பு டிஸ்க் இல்லாவிட்டாலும் கணினி எழ வேண்டும் என்று எண்ணி 'நோஃபெயில்' என்னும் சொல்லை அந்த வரியில் சேர்க்கும்படி பலர் சொல்வார்கள். சேர்க்கத்தான் வேண்டும். ஆனால் அதில் ஓர் ஆபத்து உண்டு. டிஸ்க் இணையாவிட்டாலும் அது இணைய வேண்டிய வெற்று அடைவு அங்கேயே இருக்கும். இரவில் ஓடும் காப்பு நிரல் வேறுபாடு அறியாமல் அந்த அடைவுக்குள், அதாவது முதல் டிஸ்கிலேயே, எழுதிக்கொண்டு போகும். சில வாரங்களில் முதல் டிஸ்க் நிரம்பி எல்லாம் நின்றுவிடும். அதுவரை காப்புப் பிரதி என்று நீங்கள் நம்பியதும் அதே டிஸ்கில் கிடந்த ஒன்றாகத்தான் இருக்கும். ஆகவே காப்பு நிரலின் முதல் வரியிலேயே 'மவுண்ட்பாயிண்ட்' கட்டளையைக் கொண்டு டிஸ்க் உண்மையில் இணைந்துள்ளதா என்று பார்த்து, இல்லையென்றால் அங்கேயே நிறுத்தி உங்களுக்குத் தகவல் அனுப்பும்படி எழுதுங்கள்.

இனி மறுதொடக்கம். எழும்போது படிக்கப்படும் எந்தக் கோப்பைத் தொட்டாலும், அன்றைக்கே, நீங்கள் அருகில் இருக்கும்போதே, கணினியை ஒருமுறை நிறுத்தி எழுப்பிப் பாருங்கள். மாற்றம் செய்வதற்கு முன்பும் ஒருமுறை எழுப்பிப் பார்ப்பது என் வழக்கம். பலர் இதை வீண் வேலை என்பார்கள். ஆனால் ஆறு மாதமாக அணையாமல் ஓடிய கணினிக்குள் யார் என்ன விட்டுவைத்திருக்கிறார்கள் என்பது எழுப்பினால்தான் தெரியும். அப்படிச் செய்யாமல் உங்கள் மாற்றத்தைச் செய்து, பிறகு எழுப்பி, அது எழவில்லை என்றால், உங்கள் மாற்றத்தைச் சந்தேகித்துக்கொண்டு வேறொருவருடைய பழைய பிழையைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

தஞ்சை ஆய்வகம் (தஞ்சாவூர்) எழுதியது:

ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். மேலே ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அவர் தொடாத ஒன்றைப் பற்றி எழுதுகிறேன்: பழைய கோப்பை எங்கே, எந்தப் பெயரில் வைப்பது?

கோப்பைத் திருத்தும் முன் அதன் நகலை எடுத்துப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்துவந்தேன். ஒருமுறை தேர்வு முடிவுகளைக் காட்டும் தளத்துக்காக எஞ்சின்எக்ஸ் என்னும் வலைச் சேவை மென்பொருளில் ஒரு மாற்றம் செய்ய வேண்டியிருந்தது. 'ரிசல்ட்ஸ்' என்ற கோப்பின் நகலுக்கு முன்னால் 'ஓல்ட்' என்ற சொல்லைச் சேர்த்து அதே அடைவில் வைத்துவிட்டு, மூலக் கோப்பைத் திருத்தினேன். திருத்தம் எதுவும் தளத்தில் தெரியவில்லை. மீண்டும் மீண்டும் திருத்தினேன். ஒரு முழு மாலைப்பொழுது போயிற்று. உபுண்டுவில் 'சைட்ஸ்-எனேபிள்ட்' அடைவில் உள்ள எல்லாக் கோப்புகளையும், பெயர் எதுவானாலும், எஞ்சின்எக்ஸ் படித்துவிடும். ஆங்கில அகர வரிசையில் 'ஓல்ட்' முதலில் வருவதால் பழைய நகல் முதலில் ஏறி, அதே தளப் பெயர் கொண்ட என் புதிய கோப்பு ஒதுக்கப்பட்டிருந்தது. அமைவைச் சோதிக்கும் கட்டளை இதை ஓர் எச்சரிக்கை வரியாகச் சொல்லிவிட்டு, கடைசியில் சோதனை வெற்றி என்று முடித்தது. கடைசி வரியை மட்டும் படித்தேன். அன்றிலிருந்து, சோதனைக் கட்டளை வெளியிடும் ஒவ்வொரு வரியையும் மேலிருந்து கீழ்வரை படிக்கிறேன். மாணவர்களையும் படிக்க வைக்கிறேன்.

சில அடைவுகளில் இது நேர்மாறாக நடக்கும். 'சூடோயர்ஸ்' அடைவில் பெயருக்குள் புள்ளி உள்ள கோப்புகளை, நிர்வாகி அதிகாரத்தில் கட்டளை இயக்க விடும் சூடோ படிக்காது; உபுண்டு உள்ளிட்ட டெபியன் வழிவந்த அமைப்புகளில், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் 'கிரான்' அடைவும் அப்படியே. அங்கே நீங்கள் புதிதாக வைக்கும் கோப்பின் பெயரில் தெரியாமல் ஒரு புள்ளி இருந்தால், அது எந்தக் குறையும் சொல்லாமல் செயலற்றுக் கிடக்கும்.

ஆகவே நகல்களை அந்த அடைவுகளுக்குள் வைக்காதீர்கள். இதற்கென்றே எட்சிகீப்பர் என்ற கருவி இருக்கிறது. அமைவுக் கோப்புகள் எல்லாம் இருக்கும் 'ஈடிசி' அடைவை முழுவதுமாகக் கிட் என்னும் மாற்றப் பதிவுக் கருவியில் வைத்துப் பார்த்துக்கொள்ளும். கோப்புகளின் உரிமையாளரையும் அனுமதிகளையும் சேர்த்தே நினைவில் வைக்கும். கிட் மட்டும் தனியாக அதைச் செய்வதில்லை. புதிய மென்பொருளை நிறுவும்போது மாறும் கோப்புகளையும் தானே பதிந்துகொள்ளும். நீங்கள் செய்ய வேண்டியது, ஒரு மாற்றம் முடிந்ததும் ஏன் செய்தேன் என்று ஒரு வரி எழுதிப் பதிவது. என்ன மாறியது என்பதைக் கிட் காட்டிவிடும். ஏன் என்பதை உங்களைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது. 'டிஸ்க் சேர்த்தேன்' என்று எழுதுவதைவிட, 'இரவுக் காப்புப் பிரதிக்காக இரண்டாவது டிஸ்க். மறுதொடக்கம் செய்து பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தால், அந்தக் கடைசிச் சொற்களே மறுநாள் உங்களைத் தூங்க விட்டிருக்காது. அந்தப் பதிவகத்தில் கடவுச்சொல் கோப்பும் அடங்கியிருக்கும் என்பதால் அதைப் பொதுவில் யாரும் பார்க்கும் எந்த இடத்துக்கும் ஏற்றக்கூடாது.

சூடோ அனுமதிகளைத் திருத்த 'விசூடோ'வைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தாதீர்கள். அது தற்காலிக நகலில் திருத்த விட்டு, இலக்கணம் சரியாக இருந்தால்தான் மூலத்தில் எழுதும். நேரடியாகத் திருத்தி ஒரு பிழை விட்டால், அந்தப் பிழையைச் சரிசெய்யத் தேவையான சூடோவே வேலை செய்யாமல் போகக்கூடும்.

ஆலையில் ஒரே கணினி என்பதால் உங்களுக்கு இன்று இது தேவைப்படாமல் இருக்கலாம், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆய்வகத்தில் 60 விண்டோஸ் கணினிகள் உள்ளன. எந்த மாற்றமானாலும் முதலில் ஒன்றில் செய்வோம், அதில் இரண்டு நாள் வகுப்பு நடந்த பிறகு ஒரு வரிசையில் செய்வோம், பிறகுதான் எல்லாவற்றிலும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் பிழையான ஓர் அமைவுக் கோப்பு ஒரே நேரத்தில் எல்லா இடங்களுக்கும் போய்ச் சேர்ந்தபோது, மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. கோப்பைத் திரும்பப் பெறச் சிறிது நேரமே ஆனது. ஆனால் எழவே முடியாமல் நின்ற கணினிகளுக்கு அந்தத் திருத்தம் எப்படிப் போய்ச் சேரும்? பல இடங்களில் ஆட்கள் ஒவ்வொரு கணினியாகப் போய், பாதுகாப்பு நிலையில் எழுப்பி, கையால் அந்தக் கோப்பை நீக்க வேண்டியிருந்தது.

கலங்கரை (நாகப்பட்டினம்) எழுதியது:

ஃபயர்வாலை இயக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். சர்வர் உங்கள் மேசைக்கு அடியிலேயே இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. வீட்டிலிருந்து, தொலைவில் உள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியே செய்வதாக இருந்தால் மிகவும் கவனம் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் வேதாரண்யத்தில் உள்ள ஒரு கிளையின் சர்வரை நாகையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மாலை, எஸ்எஸ்ஹெச்சுக்கு அனுமதி விதி எழுதாமலே உபுண்டுவின் ஃபயர்வால் கருவியான யுஎஃப்டபிள்யூவை இயக்கிவிட்டேன். இப்போதுள்ள இணைப்பு அறுந்துபோகலாம், தொடரவா என்று அது கேட்கத்தான் செய்தது. படிக்காமல் ஆம் என்று அழுத்தினேன். திரை உறைந்து நின்றது. மறுநாள் காலை முதல் பேருந்தில் போய், அங்கிருந்த விசைப்பலகையில் ஒரே ஒரு வரி தட்டச்சு செய்துவிட்டு அடுத்த பேருந்தில் திரும்பினேன். கிளை அலுவலகம் அரைநாள் வேலையின்றி இருந்தது.

அதன்பின் தொலைவிலிருந்து எந்த வலையமைப்பு மாற்றத்தைச் செய்தாலும், திரும்பும் வழியை முதலில் போட்டுவைத்துவிட்டுத்தான் மாற்றத்தைத் தொடுகிறேன். 'ஏட்' என்னும் கட்டளையைக் கொண்டு, பத்து நிமிடம் கழித்து ஃபயர்வாலை அணைத்துவிடும்படி ஒரு வேலையைக் குறித்துவைக்கிறேன். பிறகு ஃபயர்வாலை இயக்குகிறேன். பழைய இணைப்பை மூடாமல், புதிதாக இன்னொரு சாளரத்தைத் திறந்து உள்ளே நுழைய முடிகிறதா என்று பார்க்கிறேன். முடிந்தால் குறித்துவைத்த வேலையை நீக்குகிறேன். முடியாவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் காத்திருக்கிறேன். கதவு தானே திறந்துவிடும். ஏற்கெனவே இருக்கும் இணைப்பு உயிரோடு இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், நுழைந்துவிட்ட இணைப்பைப் புதிய விதிகள் பல நேரங்களில் தொடுவதில்லை. புதிய இணைப்பு மட்டுமே உண்மையைச் சொல்லும்.

இதே எண்ணம் பல கருவிகளில் உள்ளேயே இருக்கிறது. உபுண்டுவில் ஐபி முகவரியை மாற்றும்போது 'நெட்பிளான் அப்ளை' என்று கொடுக்காமல் 'நெட்பிளான் டிரை' என்று கொடுங்கள். 120 நொடிகளுக்குள் நீங்கள் ஒப்புதல் தராவிட்டால் பழைய அமைவுக்கே திரும்பிவிடும். ஜூனிப்பர் ரௌட்டர்களில் 'கமிட் கன்ஃபர்ம்ட்' என்று கொடுத்தால், நேரம் எதுவும் குறிப்பிடாதபோது பத்து நிமிடம் காத்திருந்து திரும்பும். எஸ்எஸ்ஹெச் அமைவை மாற்றினால் 'எஸ்எஸ்ஹெச்டி -டி' என்று, சிறிய எழுத்தில், கொடுத்து முதலில் இலக்கணத்தைச் சோதியுங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: உபுண்டுவின் 22.10 பதிப்பிலிருந்து எஸ்எஸ்ஹெச்சின் வாசல் எண்ணை (போர்ட்) சிஸ்டம்டியின் சாக்கெட் அலகுதான் திறந்து வைத்திருக்கிறது. கோப்பில் எண்ணை மாற்றிவிட்டுச் சேவையை மட்டும் நிறுத்தித் தொடங்கிப் பழைய எண்ணே ஓடுகிறது என்று குழம்புகிறவர்கள் பலர். 'டீமன்-ரீலோட்' கொடுத்து, அந்தச் சாக்கெட் அலகையும் மீண்டும் தொடங்க வேண்டும்.

திரும்பும் வழி, நீங்கள் மாற்றும் பொருளின் வழியாகவே போகக்கூடாது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகெங்கும் மறைந்துபோனது நினைவிருக்கும். தரவு மையங்களை இணைக்கும் முதுகெலும்பு வலையமைப்பின் கொள்ளளவை அறியக் கொடுத்த ஒரு கட்டளை அதன் இணைப்புகள் அனைத்தையும் துண்டித்துவிட்டது. இப்படிப்பட்ட கட்டளையைத் தடுப்பதற்கென்றே இருந்த சரிபார்ப்புக் கருவியிலும் பிழை இருந்ததால் அது தடுக்கவில்லை. சரிசெய்யும் உள்கருவிகளும் அதே வலையமைப்பை நம்பியிருந்ததால் பொறியாளர்கள் நேரில் தரவு மையங்களுக்குள் போக வேண்டியிருந்தது. உங்கள் ஆலையில் ஒரு பழைய திரையும் விசைப்பலகையும் சர்வரோடு நிரந்தரமாக இணைந்திருந்தால், அந்த அளவில் நீங்கள் நல்ல நிலையில் இருக்கிறீர்கள். அவற்றைக் கழற்றி வேறு மேசைக்கு யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

துலாக்கட்டம் (மயிலாடுதுறை) எழுதியது:

நல்ல விவாதம். எனக்கு ஓர் ஐயம். நான் இருப்பது 24 மணி நேரமும் இயங்கும் ஒரு மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னும் பின்னும் கணினியை நிறுத்தி எழுப்புவது எங்களுக்கு இயலாது. சர்வர் வேறொரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினி என்பதால், மாற்றும் முன் அந்நேர நிலையை அப்படியே பதிந்துவைக்கும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டு, தவறினால் அதற்குத் திரும்பிவிடுகிறோம். இது போதாதா?

மகாமகக்குளக்கரை (கும்பகோணம்) எழுதியது:

பாதிதான் போதும். ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால் அமைவு மட்டும் திரும்பாது. தரவும் சேர்ந்தே பின்னோக்கிப் போகும். காலை 10 மணிக்கு ஸ்னாப்ஷாட் எடுத்து மாற்றத்தைச் செய்கிறீர்கள். 12 மணிக்குக் கோளாறு தெரிந்து திரும்புகிறீர்கள். இடையில் பதிவான இரண்டு மணி நேரப் பரிசோதனை முடிவுகள் என்ன ஆகும்? மாற்றம் செய்த உடனே, யாரும் எதையும் பதிவதற்கு முன், ஓரிரு நிமிடத்துக்குள் திரும்புவதற்கு மட்டுமே அது பொருந்தும். அமைவு ஒரு டிஸ்கிலும் தரவுத்தளம் இன்னொரு டிஸ்கிலும் இருந்து, ஸ்னாப்ஷாட்டை முதல் டிஸ்குக்கு மட்டும் எடுத்தால் இந்தச் சிக்கல் வராது. மேலும் ஸ்னாப்ஷாட் பெரும்பாலும் அதே சேமிப்பகத்திலேயே இருக்கும். அதைக் காப்புப் பிரதியாகக் கருத வேண்டாம்.

மறுதொடக்கத்துக்கு ஒரு வழி இருக்கிறது. உங்கள் மெய்நிகர் கணினியை நகலெடுத்து, வலையமைப்பிலிருந்து துண்டித்த நிலையில் அந்த நகலை எழுப்புங்கள். துண்டிக்காமல் எழுப்பினால் ஒரே முகவரியில் இரண்டு கணினிகள் நிற்கும். அது புதிய கோளாறாகிவிடும். நகல் எழுகிறதா, மாற்றத்துக்குப் பிறகும் எழுகிறதா என்பதை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். உண்மையான சர்வரை மாதம் ஒருமுறையாவது, பரிசோதனைகள் குறைந்த ஓர் இரவில், முன்கூட்டியே சொல்லிவைத்து எழுப்பிப் பாருங்கள். நமது பகுதியில் மின்சாரம் நம்மைக் கேட்டுக்கொண்டு போவதில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த பிறகு, ஜெனரேட்டர் கொண்டு வந்து ஒவ்வோர் இடமாகக் கணினிகளை எழுப்பிய நாட்களை என்னால் மறக்க முடியாது. பல மாதம் அணையாமல் ஓடிய கணினிகள்தான் அதிகம் தொல்லை கொடுத்தன.

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்) எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை இரவு ஆலையில் யாரும் இல்லாதபோது உட்கார்ந்தேன். குடந்தை ஐயா சொன்னபடி, எதையும் தொடுவதற்கு முன் சர்வரை ஒருமுறை நிறுத்தி எழுப்பினேன். இரண்டு நிமிடத்தில் எழுந்துவிட்டது, மகிழ்ந்தேன். எடைமேடைக் கணினிக்குப் போய்ப் பார்த்தால் சர்வரைக் காணவில்லை என்கிறது.

காரணம் தேட அரைமணி நேரம் ஆனது. மாசி மாதம் புதிய பிரிண்டர் ஒன்று வந்தபோது சர்வரின் முகவரியோடு அதன் முகவரி மோதியது. அப்போது அவசரத்தில் சர்வரின் முகவரியைக் கட்டளை வழியே மாற்றிவிட்டு, எடைமேடைக் கணினியிலும் புதிய முகவரியைக் கொடுத்திருந்தேன். நெட்பிளான் கோப்பைத் தொடவே இல்லை. தை மாதம் பட்ட பாட்டுக்குப் பிறகு, அடுத்த மாதமே அதே பிழையை வேறோர் இடத்தில் செய்திருக்கிறேன். முதலில் எழுப்பிப் பார்க்காமல் ஃபயர்வாலை இயக்கியிருந்தால், ஃபயர்வால்தான் எடைமேடையைத் தடுக்கிறது என்று விடியும்வரை விதிகளைத் திருத்திக்கொண்டிருந்திருப்பேன்.

கோப்பில் முகவரியை எழுதி, 'நெட்பிளான் டிரை' கொடுத்து, எடைமேடையிலிருந்து ஒரு வெற்றுச் சீட்டு போட்டுப் பார்த்த பிறகு ஒப்புதல் கொடுத்தேன். எட்சிகீப்பரை நிறுவினேன். காப்பு நிரலில் மவுண்ட்பாயிண்ட் சோதனையைச் சேர்த்து, டிஸ்கைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். நின்று, எனக்கு மின்னஞ்சல் அனுப்பியது. மீண்டும் ஒருமுறை சர்வரை எழுப்பினேன். ஃபயர்வாலை அன்றே தொடவில்லை. அது அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு. நினைவக அளவு அதற்கும் அடுத்த வாரத்துக்கு.

அவசரநிலைத் திரை வந்தால் செய்ய வேண்டியவற்றை, நான் ஊரில் இல்லாவிட்டாலும் எடைமேடையில் இருப்பவர் பார்த்துச் செய்யும்படி, ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சர்வர் அலமாரியின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். இன்னும் ஒரே ஒரு கேள்வி: நிர்வாகக் கடவுச்சொல்லையும் அந்தத் தாளிலேயே எழுதலாமா?

தஞ்சை ஆய்வகம் (தஞ்சாவூர்) எழுதியது:

தாளில் எழுத வேண்டாம், தம்பி. தனிக் காகிதத்தில் எழுதி, உறையில் இட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் கையெழுத்துப் போட்டு, முதலாளியின் இரும்புப் பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள். உறை முதலாளியிடம் இருக்கிறது என்பதை மட்டும் தாளில் எழுதுங்கள். யாராவது உறையைப் பிரித்திருந்தால் கடவுச்சொல்லை மாற்றிப் புதிய உறை வையுங்கள். உறையில் வைக்கும் முன், அந்தக் காகிதத்தைப் பார்த்தே ஒருமுறை உள்நுழைந்து பாருங்கள். உங்கள் கையெழுத்தில் 6 எப்படி இருக்கும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.